கையெழுத்துப் போட மாட்டேன் என்று ஒரு அரசு அதிகாரி சொன்னால்?

2015 செப்டம்பர் 3 அன்று அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் ஒரு அரசு அதிகாரி ஜெயிலுக்குப் போனார். லஞ்சமும் இல்லை, கையாடலும் இல்லை. திருமண லைசென்ஸ் கொடுக்க மாட்டேன் என்று அடம்பிடித்தார், அதற்குத்தான். பெயர் கிம் டேவிஸ், ரோவன் கவுன்ட்டியின் (கவுன்ட்டி என்பது நம்மூர் மாவட்டம் மாதிரி) கிளார்க். தன்பாலினத்தவர் திருமணம் செய்துகொள்ளலாம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லி மூன்று மாதம்கூட ஆகாத நேரம் அது. ஒரு கூட்டம் அவரைத் தியாகி என்றது, இன்னொரு கூட்டம் வெறுப்பைக் கக்குகிறவர் என்றது. இந்த இரண்டு பட்டத்தையும் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டுப் பார்த்தால், கோர்ட் தீர்ப்பும் ஒருவருடைய மத நம்பிக்கையும் மோதும்போது சட்டம் எப்படி யோசிக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள இதைவிடத் தெளிவான வழக்கு கிடைக்காது. என்னைக் கேட்டால், மறுக்கிறவர் எந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு மறுக்கிறார் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

முதலில் தீர்ப்பைப் பார்ப்போம். வழக்கின் பெயர் ஓபர்கெஃபெல் எதிர் ஹாட்ஜஸ். ஒஹாயோ மாநிலத்தின் சின்சினாட்டியில் ஜிம் ஓபர்கெஃபெல், ஜான் ஆர்தர் என்ற இருவர் இருபது வருடத்துக்கு மேல் சேர்ந்து வாழ்ந்தவர்கள். ஆர்தருக்கு ஏ.எல்.எஸ். என்ற நரம்பு நோய் முற்றி, படுத்த படுக்கையாகிவிட்டார். ஒஹாயோ சட்டத்தில் அவர்கள் திருமணத்துக்கு இடமில்லை என்பதால், 2013 ஜூலையில் மருத்துவ வசதியுள்ள ஒரு சின்ன விமானத்தில் மேரிலாந்து மாநிலத்துக்குப் பறந்து, பால்டிமோர் விமான நிலையத்தில் நின்ற அதே விமானத்துக்குள்ளேயே திருமணத்தை முடித்துக்கொண்டு ஊர் திரும்பினார்கள். அக்டோபரில் ஆர்தர் இறந்துபோனார். அவருடைய இறப்புச் சான்றிதழில் வாழ்க்கைத்துணை என்ற இடத்தில் தன் பெயர் இருக்க வேண்டும், ஓபர்கெஃபெல் கேட்டது இவ்வளவுதான். இதோடு மிச்சிகன், கென்டக்கி, டென்னசி வழக்குகளும் சேர்ந்துகொள்ள, 2015 ஜூன் 26 அன்று 5-க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. அதுவரை 13 மாநிலங்களில் தடை இருந்தது. அன்றோடு நாடு முழுக்கப் போனது.

பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஆன்டனி கென்னடி. திருமண உரிமை என்பது அரசியல் சாசனத்தின் 14-ஆம் திருத்தம் தரும் அடிப்படைச் சுதந்திரத்துக்குள் வருகிறது, அதை ஒரு தரப்புக்கு மட்டும் மறுக்க முடியாது என்பது அவர் தர்க்கம். இதை எதிர்க்கிற பலர் கண்ணியமான மத நம்பிக்கையின் காரணமாகவே எதிர்க்கிறார்கள் என்றும், தங்கள் நம்பிக்கையை அவர்கள் தொடர்ந்து பேசலாம், போதிக்கலாம் என்றும் அதிலேயே எழுதினார். தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் இதை ஒத்துக்கொள்ளவில்லை. இந்த முடிவை மக்களும் சட்டமன்றங்களும் எடுக்க வேண்டும், நீதிபதிகள் அல்ல என்றார் (2023 அக்டோபரில் நம் உச்ச நீதிமன்றம் தன்பாலினத் திருமண வழக்கில் இது நாடாளுமன்றத்தின் வேலை என்று ஒதுங்கிக்கொண்டதே, கிட்டத்தட்ட அதே வாதம்). அதோடு இன்னொன்றும் சொன்னார். பேசலாம், போதிக்கலாம் என்கிறீர்கள், சரி. ஆனால் அரசியல் சாசனம் மதத்தைக் கடைப்பிடிக்கும் உரிமையையும் அல்லவா தருகிறது, அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லையே என்று கேட்டார். அடுத்த பத்து வருடச் சண்டை முழுவதும் அந்தக் கேள்வியிலிருந்து கிளம்பியதுதான்.

உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டால் மறுநாள் காலையில் எல்லா ஊரிலும் தானாக நடந்துவிடும் என்று நினைத்துவிடக் கூடாது. நீதிமன்றத்துக்கென்று ராணுவமும் கிடையாது, கஜானாவும் கிடையாது. 1954-இல் பள்ளிகளில் கறுப்பர், வெள்ளையர் என்று பிரித்து வைப்பது செல்லாது என்று தீர்ப்பு வந்தது. 1957-இல் அர்கான்சா மாநிலத்தின் லிட்டில் ராக் நகரில் ஒன்பது கறுப்பின மாணவர்கள் பள்ளிக்குள் நுழைய முடியாமல் கவர்னர் படையை நிறுத்தி மறித்தார். கடைசியில் அதிபர் ஐசனோவர் ராணுவத்தை அனுப்பித்தான் அவர்களை வகுப்பறைக்குள் கொண்டுபோக முடிந்தது. அடுத்த வருடம் கூப்பர் எதிர் ஆரன் வழக்கில், உச்ச நீதிமன்றம் அரசியல் சாசனத்துக்குச் சொல்லும் பொருள் எல்லா மாநில அதிகாரிகளையும் கட்டுப்படுத்தும் என்று ஒன்பது நீதிபதிகளும் கையெழுத்திட்டு எழுதினார்கள். ஒருவர் எழுதி மற்றவர்கள் ஒத்துக்கொள்வதுதான் வழக்கம். ஒன்பது பேரும் தனித்தனியாகப் பெயர் போட்டது விஷயம் எவ்வளவு முற்றியிருந்தது என்பதைக் காட்டுகிறது.

இங்கே ஒன்றைப் பிரித்துப் பார்த்துக்கொள்வது நல்லது. தீர்ப்பை எதிர்ப்பது வேறு, மீறுவது வேறு. தீர்ப்பு தப்பு என்று எழுதலாம், மேடை போட்டுப் பேசலாம், அதை மாற்றுவேன் என்று சொல்லி ஓட்டுக் கேட்கலாம், சாசனத் திருத்தம் கோரலாம், புதிதாக ஒரு வழக்குப் போட்டு மறுபடி அதே கோர்ட்டின் கதவைத் தட்டலாம். இவை எதிலும் சட்ட மீறல் இல்லை. உத்தரவு யாரைக் கட்டுப்படுத்துகிறதோ அவரே அதைச் செய்ய மாட்டேன் என்னும்போதுதான் கதை மாறுகிறது.

சரி, ரோவன் கவுன்ட்டிக்கு வருவோம். கிளார்க் என்றதும் நம்மூர் ஆபீஸில் ஃபைல் தள்ளுகிறவரைக் கற்பனை செய்ய வேண்டாம். கென்டக்கியில் அது மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் பதவி. வண்டிப் பதிவு, சொத்துப் பத்திரம், தேர்தல் வேலை, திருமண லைசென்ஸ் எல்லாம் அந்த அலுவலகத்தில்தான். டேவிஸின் தாயார் 37 வருடம் அந்தப் பதவியில் இருந்தவர். அவரிடம் உதவியாளராக வேலை பார்த்த மகள், 2014 தேர்தலில் ஜெயித்து 2015 ஜனவரியில் பொறுப்பேற்றார். அப்போது கென்டக்கியின் மாநில சாசனத்திலேயே திருமணம் என்பது ஆணுக்கும் பெண்ணுக்கும் நடுவில் மட்டும் என்று எழுதியிருந்தது. நான் பதவிக்கு வந்தபோது இருந்த வேலை வேறு, ஆறு மாதத்தில் அதை மாற்றிவிட்டீர்கள் என்று அவர் சொன்னதில் நியாயமே இல்லை என்று தள்ளிவிட முடியாது.

தீர்ப்பு வந்ததும் கவர்னர் ஸ்டீவ் பெஷியர் எல்லாக் கிளார்க்குகளும் அதன்படி நடக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். மாநிலத்தில் 120 கவுன்ட்டிகள். விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர் மட்டும் முரண்டு பிடித்தார்கள். பாகுபாடு காட்டுகிறேன் என்று யாரும் சொல்லக் கூடாது என்று டேவிஸ் ஒரு வழி கண்டுபிடித்தார்: ஆண்-பெண் ஜோடி உட்பட யாருக்குமே லைசென்ஸ் கிடையாது. அதனால்தான் அவர்மேல் வழக்குப் போட்ட நான்கு ஜோடிகளில் இரண்டு ஜோடி ஆணும் பெண்ணுமாக இருந்தார்கள். பக்கத்துக் கவுன்ட்டிக்குப் போய் வாங்கிக்கொள்ளுங்களேன் என்பது டேவிஸ் தரப்பின் பதில். நான் வரி கட்டும் ஊரில், நான் ஓட்டுப் போடும் அலுவலகத்தில் எனக்கு ஏன் தர மாட்டீர்கள் என்று அவர்கள் திருப்பிக் கேட்டார்கள்.

ஆகஸ்ட் 12 அன்று ஃபெடரல் (அதாவது மத்திய அரசின்) நீதிபதி டேவிட் பன்னிங், லைசென்ஸ் கொடுத்தே ஆக வேண்டும் என்று உத்தரவிட்டார். இவர் ஒன்றும் தாராளவாதி என்று பெயர் எடுத்தவர் இல்லை; ஜார்ஜ் டபிள்யூ. புஷ் நியமித்தவர், அப்பா குடியரசுக் கட்சி செனட்டராக இருந்தவர். டேவிஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம் போனார், உத்தரவை நிறுத்திவைக்க மாட்டோம் என்றார்கள். உச்ச நீதிமன்றமும் ஆகஸ்ட் 31 அன்று கைவிரித்தது. மறுநாள் காலை கேமராக்கள் சூழ ஒரு ஜோடி கவுன்ட்டருக்கு வந்து, யாருடைய அதிகாரத்தில் மறுக்கிறீர்கள் என்று கேட்க, கடவுளின் அதிகாரத்தில் என்றார் டேவிஸ். இரண்டே நாளில் நீதிமன்ற அவமதிப்பு, ஜெயில்.

ஜெயில் ஏன், அபராதம் போதாதா? வழக்குப் போட்டவர்கள் கேட்டதே அபராதம்தான். அபராதம் போட்டால் ஆதரவாளர்கள் நன்கொடை திரட்டிக் கட்டிவிடுவார்கள், உத்தரவு நிறைவேறாது என்று பன்னிங் கணக்குப் போட்டார். வேலையை விட்டுத் தூக்கவும் வழியில்லை, தேர்தலில் ஜெயித்து வந்தவரைச் சட்டமன்றம்தான் பதவிநீக்கம் செய்ய முடியும். இந்த ஜெயிலும் தண்டனைக்காக இல்லை, பணிய வைப்பதற்காக. உத்தரவுக்குக் கட்டுப்பட்டால் அன்றைக்கே வெளியே வரலாம். அன்று பிற்பகலே அவருடைய ஆறு உதவியாளர்களையும் கூப்பிட்டுக் கேட்டார் நீதிபதி. ஐந்து பேர் நாங்கள் கொடுக்கிறோம் என்றார்கள். மறுத்த ஒருவர் டேவிஸின் சொந்த மகன். அடுத்த நாள் காலை லைசென்ஸ் கொடுக்க ஆரம்பித்தார்கள். செப்டம்பர் 8 அன்று, உதவியாளர்களின் வேலையில் குறுக்கிடக் கூடாது என்ற நிபந்தனையோடு டேவிஸ் வெளியே வந்தார்.

இந்த உதவியாளர்கள் விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை, எனக்கு இதுதான் வழக்கின் மையமாகத் தெரிகிறது. என் கையால் கொடுக்க மாட்டேன் என்று மட்டும் டேவிஸ் சொல்லியிருந்தால் பக்கத்து மேசையில் இருப்பவர் கொடுத்திருப்பார், வழக்கே வந்திருக்காது. அவர் தடுத்தது மற்றவர்களையும் சேர்த்து. அவர் தரப்பு சொன்ன காரணம், யார் கொடுத்தாலும் படிவத்தில் கவுன்ட்டி கிளார்க் என்று என் பெயர் அச்சாகிறது, அது நான் ஆசீர்வதித்ததுபோல ஆகிவிடுகிறது என்பது. நம்மூர்ச் சார்பதிவாளர் ஒரு கிரயப் பத்திரத்தைப் பதிந்தால் அந்த விற்பனையை அவர் வாழ்த்துகிறார் என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லையே என்று நமக்குத் தோன்றும். அமெரிக்க நடைமுறையில் கிளார்க்கின் பங்கு இன்னும் குறைவு: அவர் லைசென்ஸ் மட்டும்தான் தருகிறார், திருமணத்தை நடத்தி வைப்பது போதகரோ நீதிபதியோ. ஆனாலும் ஒருவருக்கு எது பாவமாகப் படுகிறது என்பதை வெளியே இருக்கும் நாம் முடிவு செய்ய முடியாது. நீதிமன்றமும் அவர் நம்பிக்கை உண்மையானது என்பதில் சந்தேகம் எழுப்பவே இல்லை. நாலு தடவை கல்யாணம் செய்தவர் கல்யாணத்தின் புனிதத்தைப் பற்றிப் பேசலாமா என்று அப்போது கேலி பேசினார்களே, அது சிரிப்பதற்கு ஆகும், வாதத்துக்கு ஆகாது.

நம்பிக்கை உண்மை என்றால் சட்டம் ஏன் வழிவிடவில்லை? இந்த இடத்தில்தான் நாற்காலி வருகிறது.

பாதிரியாரோ இமாமோ ரப்பியோ தன்பாலினத் திருமணத்தை நடத்தி வைக்க மாட்டேன் என்றால் அவரை யாரும் ஒன்றும் செய்ய முடியாது. அமெரிக்கச் சாசனத்தின் முதல் திருத்தம் மதத்தைக் கடைப்பிடிக்கும் சுதந்திரத்தைக் காப்பதால், மறுமணத்தை நடத்தி வைக்க மறுக்கும் சபைகளை எப்படி அரசு தொடுவதில்லையோ அப்படித்தான் இதுவும்.

கடைக்காரர் என்றால் கொஞ்சம் சிக்கல். கொலராடோவில் ஜாக் பிலிப்ஸ் என்ற கேக் கடைக்காரர் 2012-இல் ஒரு ஆண் ஜோடிக்குத் திருமண கேக் செய்ய மறுத்தார். 2018-இல் உச்ச நீதிமன்றம் 7-க்கு 2 என்று அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. மத நம்பிக்கை இருந்தால் வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்பலாம் என்று அதில் சொல்லிவிட்டதாக இன்றைக்கும் பலர் நம்புகிறார்கள். அப்படி இல்லை. மாநில ஆணையம் அவர் வழக்கை விசாரித்தபோது அவருடைய மதத்தை இழிவாகப் பேசியது, நடுநிலையாக இல்லை என்ற குறுகிய காரணத்தில்தான் அவர் ஜெயித்தார். 2023-இல் 303 கிரியேட்டிவ் என்ற வழக்கில் திருமண இணையதளங்களை வடிவமைக்க விரும்பிய லோரி ஸ்மித் 6-க்கு 3 என்று ஜெயித்ததும் மத சுதந்திரத்தின்கீழ் இல்லை, பேச்சுச் சுதந்திரத்தின்கீழ்: தான் நம்பாத ஒரு கருத்தைத் தன் படைப்பில் சொல்லச் சொல்லி அரசு கட்டாயப்படுத்த முடியாது என்று. கல்யாணத்துக்கு நாற்காலி வாடகைக்கு விடுகிறவருக்கும் பிரியாணி சப்ளை செய்கிறவருக்கும் இது எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதில் இன்னும் சண்டை தீரவில்லை.

மத சுதந்திரத்தின்கீழே ஜெயிப்பது கடினமாக இருப்பதற்கும் ஒரு பழைய காரணம் உண்டு. எல்லோருக்கும் பொதுவாக, எந்த மதத்தையும் குறிவைக்காமல் போட்ட சட்டத்துக்கு மத நம்பிக்கையைச் சொல்லி விலக்குக் கேட்க முடியாது என்று 1990-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அது அமெரிக்கப் பூர்வகுடிச் சபையைச் சேர்ந்த இருவர், சடங்கில் பெயோட்டி என்ற போதைக் கள்ளியை உட்கொண்டதற்காக வேலை இழந்த வழக்கு. அதை எழுதியவர் பழமைவாதிகள் கொண்டாடும் நீதிபதி ஸ்காலியா என்பதுதான் வேடிக்கை. அந்தத் தீர்ப்பு பிடிக்காமல் 1993-இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் ஒரு மத சுதந்திரச் சட்டம் கொண்டுவந்தது, பிற்பாடு பல மாநிலங்களும் தங்களுக்கென ஒன்று போட்டுக்கொண்டன, கென்டக்கியும் 2013-இல் போட்டது. டேவிஸ் அதையும் காட்டிப் பார்த்தார், எடுபடவில்லை.

காரணம், மூன்றாவது நாற்காலி. அரசு அதிகாரியாக உட்கார்ந்து லைசென்ஸை மறுக்கும்போது மறுப்பது டேவிஸ் என்ற தனிமனிதர் இல்லை, அரசாங்கம். சாசனம் மதச் சுதந்திரத்தைத் தருவதே அரசாங்கத்திடமிருந்து மக்களைக் காப்பதற்கு. அரசாங்கத்தின் செயலையே மத சுதந்திரம் என்று சொல்லிக் காப்பாற்ற முயன்றால் எல்லாமே தலைகீழாகிவிடும். அவருடைய சொந்த நேரத்தில் சபையில் நின்று அந்தத் திருமணங்கள் பாவம் என்று சாட்சி சொல்ல அவருக்கு முழு உரிமை உண்டு, கவுன்ட்டருக்குப் பின்னால் அந்த உரிமை இல்லை. 2025 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் வாதத்தைத் தள்ளியதும் இதே அடிப்படையில்தான்.

முன்பு வேறு ஒரு திருமணத்துக்கும் இதே கதை நடந்திருக்கிறது. கறுப்பர்-வெள்ளையர் திருமணத்தைக் குற்றமாக்கிய வர்ஜீனியா சட்டத்தின்கீழ் லவிங் தம்பதியைத் தண்டித்த நீதிபதி, கடவுள் இனங்களை வெவ்வேறு கண்டங்களில் வைத்ததே அவை கலக்கக் கூடாது என்பதற்காகத்தான் என்று எழுதினார். 1967-இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. அலபாமா தன் மாநில சாசனத்தில் இருந்த அதே மாதிரித் தடையை எடுக்க 2000-ஆம் ஆண்டு ஆயிற்று.

அலபாமா என்றதும் ராய் மூரைச் சொல்லாமல் விட முடியாது. மாநில உச்ச நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக இருந்தவர். நீதிமன்றக் கட்டடத்தில் பத்துக் கட்டளைகளைச் செதுக்கிய பெரிய கல்லை வைத்துவிட்டு, ஃபெடரல் கோர்ட் எடுக்கச் சொல்லியும் எடுக்க மாட்டேன் என்றதால் 2003-இல் பதவி போயிற்று. 2012-இல் மக்கள் மறுபடியும் தேர்ந்தெடுத்தார்கள். 2016 ஜனவரியில், ஓபர்கெஃபெல் தீர்ப்பு வந்து ஆறு மாதத்துக்கு மேல் ஆன பிறகு, மாநிலத் தடை இன்னும் செல்லும் என்று கீழ் நீதிபதிகளுக்கு உத்தரவு போட்டார். அந்த வருடம் செப்டம்பரில், மிச்சப் பதவிக்காலம் முழுக்கச் சம்பளமில்லாத இடைநீக்கம். டேவிஸாவது ஒரு கவுன்ட்டியின் கிளார்க். இவர் தீர்ப்புகளை மற்றவர்கள் மதிக்க வேண்டும் என்று எதிர்பார்க்கும் ஆசனத்தில் இருந்துகொண்டு இதைச் செய்தவர்.

அலபாமா சட்டமன்றம் அவரைவிடச் சாமர்த்தியம். 2019-இல் திருமண லைசென்ஸ் என்பதையே ஒழித்துவிட்டார்கள். ஜோடியே படிவத்தை நிரப்பி, நோட்டரியிடம் கையெழுத்துப் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தால், அலுவலகம் பதிந்துகொள்ளும், அவ்வளவுதான். யாரும் யாருக்கும் அனுமதி தருவதில்லை என்பதால் யாருடைய மனசாட்சியும் உறுத்த வழியில்லை, ஜோடிக்கும் வேலை முடிகிறது. யூட்டா 2015-லேயே வேறு மாதிரி செய்தது: தனிப்பட்ட ஊழியர் ஒதுங்கிக்கொள்ளலாம், ஆனால் அலுவலகத்தில் கொடுக்க ஒரு ஆள் கட்டாயம் இருக்க வேண்டும். கென்டக்கியில் 2016 ஏப்ரலில் சட்டம் போட்டு படிவத்திலிருந்து கிளார்க்கின் பெயரையே எடுத்துவிட்டார்கள். டேவிஸ் கேட்டதும் அதைத்தான். ஒரு வருடம் முன்னால் சட்டமன்றத்தைக் கூட்டி இதைச் செய்திருக்கலாம், கவர்னர் செலவைக் காரணம் காட்டி மறுத்தார். அவரும் கொஞ்சம் பிடிவாதம் பிடித்தார் என்றுதான் எனக்குப் படுகிறது.

படிவம் மாறினாலும் டேவிஸின் கணக்கு தீரவில்லை. 2018 தேர்தலில் தோற்றார். லைசென்ஸ் மறுக்கப்பட்ட ஒரு ஜோடிக்கு ஆளுக்கு 50,000 டாலர், மொத்தம் 1,00,000 டாலர் நஷ்டஈடு என்று 2023-இல் ஜூரி சொன்னது, அதற்கு மேல் வக்கீல் செலவாகச் சுமார் 2,60,000 டாலர். அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனவர், கையோடு ஓபர்கெஃபெல் தீர்ப்பையே ரத்து செய்யுங்கள் என்றும் கேட்டார். 2022-இல் கருக்கலைப்பு உரிமையை அதே நீதிமன்றம் எடுத்துவிட்டபோது, ஓபர்கெஃபெல்லையும் மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று நீதிபதி தாமஸ் தனியாக எழுதியிருந்ததால் இந்த மனு பரபரப்பானது. 2025 நவம்பர் 10 அன்று, காரணம் எதுவும் எழுதாமல், விசாரிக்க மாட்டோம் என்று தள்ளுபடி செய்தார்கள்.

தள்ளுபடி என்றால் தீர்ப்பு சரி என்று மறுபடி முத்திரை குத்தியதாக அர்த்தமில்லை, இந்த வழக்கை எடுக்கவில்லை என்பது மட்டும்தான். நாளைக்கு வேறு வழக்கு வரலாம். 2025 ஜனவரியில் ஐடஹோ மாநிலக் கீழவை இந்தத் தீர்ப்பை ரத்து செய்யச் சொல்லித் தீர்மானமே போட்டது. அப்படி ஒரு நாள் ரத்தானால் என்ன ஆகும் என்று யோசித்துத்தான் 2022 டிசம்பரில் திருமண மதிப்புச் சட்டத்தில் பைடன் கையெழுத்திட்டார். ஒரு மாநிலத்தில் நடந்த திருமணத்தை மற்ற மாநிலங்களும் ஃபெடரல் அரசும் ஏற்க வேண்டும் என்று அது சொல்கிறது. ஆனால் எல்லா மாநிலமும் லைசென்ஸ் கொடுத்தே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. கென்டக்கி சாசனத்தில் 2004-இல் எழுதிய அந்தத் தடை வாசகத்தை யாரும் அழிக்கவில்லை, ஓபர்கெஃபெல் நிற்கிறவரைக்கும் அது வேலை செய்யாது.